முப்பது சென்டிமீட்டர்

"இப்ப?"

"தெளிவா இருக்கு."

"அதுக்குக் கீழ?"

"அதுவும்."

"கடைசி வரி படிண்ணா."

அவன் படித்தான். ஐந்து, எட்டு, மூன்று, ஆறு, ஒன்பது. ஓர் எண்கூடத் தடுமாறவில்லை. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர்தான் அந்த வரியை முழுசாகப் படிப்பார்கள். நான் அறை விளக்கைப் போட்டேன்.

"கழுகுக் கண்ணு உனக்கு. கண்ணாடி போட்டா படிச்சவன் மாதிரி இருப்பேன்னு அண்ணி சொன்னாங்களா?"

அவன் சிரிக்கவில்லை. சோதனை நாற்காலியிலிருந்து இறங்கவும் இல்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

"நல்லாப் பாரு. ஏதோ இருக்கு. இங்க சரியாத் தெரியுது. தண்ணிக்கு மேல பாத்தா நம்பர் மாறுது."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள். என் அண்ணன் ஆற்றுப் பாலத்தில் நீர்மட்டம் படிக்கிறவன். வீட்டில் அண்ணனும் தங்கையும் எண் படித்தே பிழைக்கிறார்கள் என்று அண்ணி கேலி செய்வாள். அன்று அவன் கண்ணில் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் நான் அனுப்பிவைத்தேன். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, ஒரு சொட்டு மருந்தாவது கொடு என்று கேட்டான். கொடுத்தேன். வெறும் உப்புத் தண்ணீர்.

அவன் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலத்தின் மூன்றாவது தூணில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து ஓர் அளவுகோல் வரைந்திருக்கிறார்கள். கரையில் ஓர் அறை. மேசை, நாற்காலி, போன், காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தருகிற ஒரு ஃபேன். மழைக்காலத்தில் மணிக்கு ஒருமுறை அவன் வெளியே வந்து தூணைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் போனில் எண்களை அழுத்த வேண்டும். மறுமுனையில் மனிதர் யாரும் கிடையாது. பதிவு செய்து வைத்த ஒரு பெண்குரல், "பதிவானது, நன்றி" என்று சொல்லும். அவ்வளவுதான். அந்த எண் கட்டுப்பாட்டு அறையின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. நாலு மீட்டர் இருபதைத் தொட்டால், கீழ்த் தெருவில் கம்பத்தில் இருக்கிற சங்கு தானாக ஊதும். அண்ணன் வீடும் சேர்த்து எண்பது வீட்டுக்காரர்களும் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். தானாக அளக்கிற கருவி ஒன்றும் முன்பு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுசு வரும், வரும் என்றுதான் இன்னும் சொல்கிறார்கள்.

அந்த வெள்ளத்தில்தான் அண்ணன் கெட்டான்.

மேலே மலையில் பெய்கிற மழை எங்கள் பாலத்துக்கு வந்துசேர ஆறு மணி நேரம் ஆகும். அவனுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்களும் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தார்கள், சுவரில் அட்டவணையாகவே ஒட்டியிருந்தது. அன்று ஒன்றே கால் மணி நேரத்தில் வந்தது. அப்படி ஒரு மழையை யாரும் பார்த்ததில்லை. மூன்று மணிக்கு அவன் படித்தது மூன்று மீட்டர் பத்து. சரியாகத்தான் படித்தான். நாலு மணிக்கு அவன் அறையின் வாசற்படியில் தண்ணீர் நின்றது. சங்கு ஊதியபோது கீழ்த் தெருவில் முழங்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிள் கடைக்காரர், அவர் மனைவி, வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், கடைசி வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை. நாலு பேர்.

விசாரணை நடந்தது. அவன்மேல் தப்பில்லை என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். அந்தக் காகிதம்தான் அவனை உடைத்தது என்று எனக்குத் தோன்றும். தப்பு செய்திருந்தால் திருத்திக்கொண்டிருப்பான். எல்லாவற்றையும் சரியாகச் செய்து நாலு பேர் போய்விட்டால், ஒருவன் எதைத் திருத்துவது?

அதன்பிறகு அவன் வீட்டில் குழாய் சொட்டினால் எழுந்து உட்கார்ந்தான். மகளின் புத்தகப் பையை அலமாரியின் உச்சியில் வைத்தான். குழந்தை தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கும். வெயில் காலமாவது அவனுக்கு ஓய்வாக இருக்கும் என்று நினைத்தோம். வெயில் ஏற ஏற அவன் இன்னும் மோசமானான். இந்தச் சூடெல்லாம் மேலே போய்த்தானே தண்ணியா வரப்போகுது என்று மொட்டை மாடியில் நின்று வெள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அண்ணி என்னிடம் சொன்னாள், பக்கத்தில் படுத்திருக்கிற மனிதன் வேறு ஏதோ ஒரு வருடத்தில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று.

இந்த மழைக்காலத்தில் சங்கு அடிக்கடி ஊத ஆரம்பித்தது. முதல் தடவை எல்லோரும் ஓடினார்கள். தண்ணீர் வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. நாலாம் தடவை பாதித் தெரு வாசலிலேயே நின்று வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அண்ணனுக்குச் சங்கு என்று பெயர் வைத்தார்கள். "என்னம்மா, சங்கு இன்னிக்கு நல்லாத் தூங்கினாரா, நாங்க கொஞ்சம் தூங்கலாமா?" என்று அண்ணியிடம் கேட்பார்கள். அவள் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, உள்ளே வந்து தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். ஆறு பழுப்பாக, கனமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆறு ஒரே கோட்டில் நிற்காது. தூணில் மோதி ஏறும், இறங்கும். ஒரு நிமிடம் பார்த்து, ஏறிய இடத்தையும் இறங்கிய இடத்தையும் மனதில் குறித்து, இரண்டுக்கும் நடுவை எடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனே எனக்குப் பெருமையாகச் சொன்னது இது. நானும் அவன் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடு, மூன்று மீட்டர் தொண்ணூறு. அவன் உள்ளே போய் அழுத்தினான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே கீழ்த் தெருவில் சங்கு ஊதியது. ஐந்தாவது தடவை.

"எவ்வளவு அழுத்தினே?"

"நாலு இருபத்திரண்டு."

"தண்ணி மூணு தொண்ணூறுதானேண்ணா."

"இப்ப மூணு தொண்ணூறு." அவன் டப்பாவின் மூடியைத் திரும்ப மூடினான். "இப்ப எங்க இருக்குன்னு அழுத்தி என்ன ஆச்சு அன்னிக்கு? ஒரு மணி நேரம் கழிச்சு எங்க இருக்கும்னு அழுத்தறேன்."

பிறகு மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. முதலில் நடுவை விட்டுவிட்டு, அலை ஏறிய இடத்தை எழுதினானாம். அதில் பெரிய தப்பில்லை என்று தோன்றியதாம். அப்புறம் அலை ஏறிய இடத்துக்கும் மேலே தூணில் ஈரம் தெரிகிறதே, அதை. அப்புறம் ஈரத்துக்கு மேல் ஒரு ஜாண். கை தானாக அழுத்துகிறது என்றான். உள்ளே ஒரு குரல் சேர்த்துப் போடு, சேர்த்துப் போடு என்று சொல்கிறதாம். அது கத்தாதாம். வீட்டு மனுஷர் மாதிரி அக்கறையாகப் பேசுமாம். கண்ணில் கோளாறு இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துத்தான் என் கடைக்கு வந்திருக்கிறான்.

திட்டினால் மூடிக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். அதனால் தெருவைப் பற்றி மட்டும் சொன்னேன். இன்றைக்கு மேட்டுக்கு ஏறினவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். நிஜமாக வருகிற அன்று யாருமே எழுந்திருக்க மாட்டார்கள். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில், யாரிடம் போகணும் சொல்லு, வர்றேன் என்றான்.

சுகாதார நிலையத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் உட்காருவார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிற ஒரு பெண்மணி. அவர் வீடும் அந்த வெள்ளத்தில் முங்கியதுதான். பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அதுவே அண்ணனுக்குப் பிடித்துப்போயிற்று.

"உங்க பயம் பொய் இல்ல" என்றார். "ஆனா அதை அளவுகோல்ல எழுதக் கூடாது. அதுக்குத் தனி இடம் குடுங்க."

ஒரு நோட்டு வாங்கி நடுவில் கோடு போடச் சொன்னார். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பயந்தது. போனில் அழுத்துவது இடப்பக்கத்தை மட்டும். தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் பயத்துக்கென்று ஒதுக்கி, மற்ற நேரத்தில் அது வந்தால் சாயங்காலம் வா என்று சொல்லிப் பழக வேண்டும். போனில் வானிலையை ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். மேடம், என் வேலையே அதுதானே என்று அண்ணன் சொல்ல, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்து அறை ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். செருப்பைக் கழற்றாமல் படுக்கிற ஒரு டிரைவர். தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் வாந்தி எடுக்கிற ஒரு பெண். இறந்துபோன குழந்தையின் அப்பாவும் வருவார். முதல் வாரம் அண்ணன் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டானாம். அவர், உட்காருங்க, எனக்கும் தனியா இருக்க முடியலன்னுதான் வர்றேன் என்றாராம். அதற்கு மேல் அதைப் பற்றி அவன் என்னிடம் சொல்லவில்லை.

நோட்டை எனக்குக் காட்டுவான். பார்த்ததை மட்டும் அழுத்து, அந்தக் குரல் என்ன சொன்னாலும் கேட்காதே என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். பார்த்தது இரண்டு எண்பது, பயந்தது மூன்று அறுபது. ஒரு வாரம் கழித்து, பார்த்தது இரண்டு எழுபது, பயந்தது மூன்று பத்து. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் வலப்பக்கம் காலியாக இருந்தது. மறந்துவிட்டேன் என்றான், வெட்கப்பட்டுக்கொண்டே. மகளின் பை கீழே இறங்கி வந்தது. சங்கு ஊதவே இல்லை. ஏழு வாரம். தெருவில் அந்தப் பெயரைச் சொல்வதையும் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். நான்தான் அவனை மீட்டேன் என்று வெளியே சொல்லவில்லை, உள்ளே நன்றாகவே சொல்லிக்கொண்டேன்.

எட்டாவது வாரம் மலையில் இரண்டு நாளாக மழை. எங்கள் பக்கம் ஒரு துளி இல்லை. வெளிச்சம் மட்டும் சரியில்லாமல் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, பழைய போட்டோவுக்குள் நிற்கிற மாதிரி தெரு மஞ்சளாகக் கிடந்தது. கடைக்குக் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிற ஓர் அம்மா தன் புதுக் கண்ணாடியை வாங்க வந்திருந்தார். காலை ஷிப்டு முடித்து வருகிறேன் என்றார். கண்ணாடியின் கால் கொஞ்சம் தளர்வாக இருந்தது. நான் திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சு வாக்கில், உங்க அண்ணன் நிலையத்தால இப்பல்லாம் தொல்லையே இல்லை என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் சரியாகிவிட்டான், ஆலோசகரிடம் போகிறான் என்று சொன்னேன்.

"அப்படியா, நல்லது. நாங்களும் ஒரு வைத்தியம் பண்ணோம்ல" என்று சிரித்தார். "அடுத்த பாலத்தோட ஒப்பிட்டுப் பாத்தா, இவரு எப்பவும் முப்பது கூடப் போடறாரு. எழுதிக் கேட்டா மனுஷன் வேலை போயிடும், பாவம். அதான் அந்த நிலையத்துக்கு மட்டும் முப்பது கழியற மாதிரி கம்ப்யூட்டர்லயே போட்டு வச்சாச்சு. சத்தமில்லாம முடிஞ்சுது."

"எப்ப மேடம் போட்டீங்க?"

"அஞ்சாவது தடவை ஊதுச்சே, அதுக்கு மறுநாள்."

திருகு கையிலிருந்து விழுந்து மேசைக்கு அடியில் எங்கோ உருண்டது. அவன் சேர்ப்பதை நிறுத்தியதும் அதே வாரம்தான். ஏழு வாரமாக அவன் உண்மையை அழுத்திக்கொண்டிருக்கிறான், அவர்கள் அதிலிருந்து முப்பதைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறு தாழ்வாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். எங்கேஜ். மறுபடி போட்டார். மலையில் மழை என்றால் ஊரே அந்த எண்ணைத்தான் கூப்பிடும். ஷிப்டில் இருக்கிறவரின் சொந்த எண்ணுக்குப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. இங்கிருந்து ஸ்கூட்டரில் நாற்பது நிமிடம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

நான் அண்ணியைக் கூப்பிட்டேன். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு உடனே மேட்டுக்குப் போங்கள் என்றேன்.

"சங்கு ஊதலையேம்மா" என்றாள், நிதானமாக. "ஊதினா போயிடறேன். இப்பதான் உங்க அண்ணன் கரெக்டாப் போடறாரே."

கணக்கைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மெஷின் நின்றது. சரி, பாப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பறேன் என்றாள். ஆனால் தெரு? அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள் என்றேன். சங்கு பொண்டாட்டி சொன்னா யாரு எழுந்திருப்பா என்று கேட்டாள். அது கேலியாக இல்லை.

பிறகு அண்ணனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். அவன் குரலுக்குப் பின்னால் ஆறு, எத்தனையோ லாரிகள் ஒரே கியரில் மேடு ஏறுகிற மாதிரி.

"ஏறுது" என்றான். "மூணு மணிக்கு மூணு இருபது. இப்ப நாலு பதினஞ்சு. கால் மணிக்கு ஒரு தடவை அழுத்திக்கிட்டிருக்கேன். நாலு இருபது தொட்டதும் சங்கு ஊதும், தெரு ஏறிடும். நேரம் இருக்கு. நான் எப்படி இருக்கேன் பாரு, கை நடுங்கவே இல்ல."

அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. நான் விஷயத்தைச் சொன்னேன். சுருக்கமாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன். போனை மேசைமேல் வைக்கிற சத்தம். கதவு. திரும்பி வருகிற காலடி. அடுத்த போனில் பொத்தான்களை அழுத்துகிற ஒலி, நாலு, இரண்டு, ஒன்று. பதிவானது, நன்றி என்று அந்தப் பெண்குரல் எனக்கே கேட்டது.

காத்திருந்தோம். நான் கடை வாசலுக்கு வந்து நின்றேன். எங்கள் கடைக்கும் கீழ்த் தெருச் சங்கு கேட்கும். எதிர்க்கடைக்காரர் ஷட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் நாயை நடத்திக்கொண்டு போனார். எந்தச் சத்தமும் இல்லை. அவர்கள் கம்ப்யூட்டரில் இப்போது ஆறு மூன்று தொண்ணூற்றொன்றில், யாருக்கும் ஆபத்தில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் முப்பது ஏறி உண்மையான நாலு ஐம்பது வருகிறபோது, கடைசி வீட்டின் வாசற்படி தண்ணீருக்குள் இருக்கும்.

"ஊதலண்ணா."

"அதான்" என்றான்.

"முப்பது சேத்து அழுத்து."

அந்தப் பக்கம் ஆறு மட்டும்.

"அண்ணா, கேக்குதா? அவங்க கழிப்பாங்க. நீ சேத்தாத்தான் சரியா வரும்."

"பாத்ததை மட்டும் அழுத்துன்னு நீதானே சொன்னே." குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது, தூக்கத்தில் பேசுகிறவனைப் போல. "நீதான் பேசறியா?"

"நான்தான்."

"அதுவும் இப்படித்தான் சொல்லும். இதே மாதிரி. சேத்துப் போடு, தெருவுல பாப்பா இருக்கான்னு. காரணமெல்லாம் அழகாச் சொல்லும். எனக்கு வித்தியாசம் தெரியலடி."

என்ன சொன்னால் நான் நான்தான் என்று அவன் நம்புவான் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலுக்கு எதிராக ஏழு வாரமாக அவனுக்கு நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது என் முன்னால் வந்து நின்றது. எதிர்க்கடைக்காரர் நிமிர்ந்து ஆறு இருக்கிற பக்கமாகப் பார்த்தார். அவருக்கு ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணா, இது அது இல்ல. நான். இந்த ஒரு தடவை மட்டும் நான் சொல்றதைக் கேளு. நோட்டைப் பாக்காத, தண்ணியையும் பாக்காத. நான் சொல்லச் சொல்ல அழுத்து. நாலு. அஞ்சு. சைபர்."